நாடகக் கொட்டகைக்குள் ஒரு கைபேசிக் கடை

(பெங்களூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பழைய கட்டடத்தைக் கடையாக்கலாமா?" என்ற கேள்வியை எனக்குத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்கலாம். பல இடங்களில் ஆக்கித்தான் தீர வேண்டும். ஆனால் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பவர் சுவரையும் கூரையையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. அந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்லும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிற துணிவு இந்த ஊருக்கு வர வேண்டும். இன்று நான் பேசப்போவதெல்லாம் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கிற முனையில் ஓபரா ஹவுஸ் நிற்கிறது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் அதைக் கடந்து போகாதவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தண்டுப் பகுதியின், அதாவது கண்டோன்மென்ட்டின், பட்டாள அதிகாரிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் நாடகம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் கூடிய இடம் அது. பிறகு அங்கே சினிமா ஓடியது. அதற்கும் பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. பிரிகேட் ரோட்டில் துணி எடுக்கவும் சாப்பிடவும் வருகிற கூட்டம் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். அண்ணாந்து பார்க்கிறவர் அபூர்வம். 2018 செப்டம்பரில் சாம்சங் நிறுவனம் அந்தக் கட்டடத்தைத் தன்னுடைய பொருள்களைக் காட்டும் மையமாகத் திறந்தது. 33,000 சதுர அடி. சீரமைக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த நிறுவனத்தின் இத்தகைய மையங்களில் உலகத்திலேயே பெரியது இதுதான் என்று அன்றைக்கு அறிவித்தார்கள்.

திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை மாலை நானும் போனேன். வெளியே சிக்னலில் ஆட்டோக்களின் ஹாரன் சத்தம். உள்ளே நுழைந்ததும் குளிர்காற்று. கையைக் கட்டிக்கொண்டு நின்று முதலில் உயரத்தைத்தான் பார்த்தேன். இன்றைக்குக் கட்டுகிற கடையில் இந்த உயரத்துக்குள் இன்னொரு மாடியை நுழைத்திருப்பார்கள். ஒரு மூலையில் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் திடீரென்று "அம்மா!" என்று கத்தினான். கூடத்தின் மறுபக்கம் நின்றிருந்த எனக்கு அது பக்கத்தில் கேட்டதுபோல் தெளிவாகக் கேட்டது. மைக் இல்லாத காலத்தில், மேடையில் நிற்பவரின் வெறும் குரல் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கூடங்கள் இவை. விற்பனைக்கு வைத்த கைபேசிகளுக்கு நடுவிலும் அந்தக் கணக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

அங்கே நின்றபோது எனக்குத் தோன்றிய இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கொட்டகை கட்டப்பட்ட காலத்தில் நம்முடைய பாட்டனார்கள் அதற்குள் எந்த இடத்தில் இருந்திருப்பார்கள்? ஜட்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பார்கள். விளக்கு ஏற்றியிருப்பார்கள், திரை இழுத்திருப்பார்கள், சாப்பாடு பரிமாறியிருப்பார்கள். சீட்டு வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் வேறு ஆட்கள். இன்றைக்கு அந்த வாசலில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. எதையும் வாங்காமல், பத்துப் பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். சிவாஜி நகரிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கடையாகிவிட்டதே என்று வருத்தப்படுகிற நண்பர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டடத்தின் கதவு எல்லாருக்கும் திறந்ததில் கடைக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி, அதே ரெசிடென்சி ரோட்டில் கிழக்கே மேயோ ஹால் பக்கமாக நடந்து வாருங்கள். நடந்தே போகிற தூரம்தான். அங்கே விக்டோரியா ஹோட்டல் இருந்தது. பெரிய மரங்கள், நடுவே பழைய பங்களா, முன்னால் தோட்டம். வெயில் காலத்திலும் அந்த மர நிழலில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் பெங்களூர் சென்ட்ரல் என்ற வணிக வளாகத்தைக் கட்டி 2004-ல் திறந்தார்கள். ஒரே ரோடு. ஒரு முனையில் கட்டடம் கடையாயிற்று; மறுமுனையில் கட்டடம் போய்க் கடை வந்தது. பெங்களூரில் நடந்தது, நடக்கிறது எல்லாவற்றையும் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்துவிடலாம்.

விக்டோரியா ஹோட்டலின் வழியில் போனவைதான் மிகுதி. மல்லேஸ்வரத்தில் ராஜா மில் இருந்த இடத்தில் 2010-ல் மந்த்ரி ஸ்கொயர் வந்தது. பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கும் அந்த வணிக வளாகத்தின் பெயர்தான். பின்னி மில் நிலமும் அடுக்குமாடியும் மாலுமாக மாறிவிட்டது. பின்னிப்பேட்டையிலும் மாகடி ரோட்டிலும் தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்று தலைமுறை சோறு போட்ட மில் அது. சங்கு ஊதினால் தெருவே எழுந்து நடக்கும் என்று அந்தப் பகுதியில் பெரியவர்கள் சொல்வார்கள். மும்பை லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் வணிக வளாகமாக மாறியபோது அதன் புகைபோக்கியையாவது நிறுத்தி வைத்தார்கள். இவ்விடத்தில் ஒரு மில் இருந்தது, இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து உழைத்தார்கள் என்பதற்கு அந்தப் புகைபோக்கி சாட்சி. நம்முடைய மில்களுக்கு அந்தச் சாட்சிகூட இல்லாமல் போயிற்று. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஏன் இடிக்கிறார்கள்? ரசனை கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். காரணம் அது இல்லை. ஊரின் நடுவே ஒரு பங்களா இரண்டு ஏக்கரில் தரைத்தளத்தோடு நிற்கிறது. அதே நிலத்தில் விதிப்படி பல மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம். நிலத்தின் விலை கோடிகளில் இருக்கிறது. கட்டடத்தின் விலை கணக்கிலேயே வருவதில்லை. கூரை ஒழுகுகிறது, சொத்து வரி ஏறுகிறது, பங்காளிகள் நான்கு நாட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரரிடம் போய் "இது பாரம்பரியம், இடிக்காதீர்கள்" என்று சொல்வதற்கு நமக்கு வாய் வரலாம். அவருக்குப் பதிலாக நாம் என்ன கொடுக்கிறோம்? மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று விதிகள் கொண்டுவந்தார்கள். அங்கே இழந்த கட்டுமான உரிமையை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளவோ விற்கவோ உரிமையாளருக்கு ஒரு வழியும் வைத்தார்கள். கட்டடமும் நிற்கும், அவர் கையும் வெறுங்கையாக இருக்காது. இப்படி ஒரு வழி நடைமுறையில் உறுதியாக இல்லாத ஊரில், கடைக்காரர் ஒருவர் வந்து "இடிக்க வேண்டாம், இப்படியே வாடகைக்குக் கொடுங்கள்" என்று கேட்பதே கட்டடத்துக்குக் கிடைக்கிற உயிர்ப்பிச்சை.

சட்டத்தால் மட்டும் காப்பாற்றிவிட முடியுமா என்றால், சென்னை அண்ணா சாலைக்கு வாருங்கள். அங்கே பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் இருக்கிறது. 1897-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகர் தன்னுடைய கடைக்காகக் கட்டியது. அன்று அதன் பெயர் கார்டில் கட்டடம். கூம்புகளும் வளைவுகளுமாக, செங்கல்லில் இழைத்த மாளிகை. கடையாகவே பிறந்த கட்டடம், கவனியுங்கள். பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய், கடைசியில் எல்.ஐ.சி.யிடம் வந்தது. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். 2010-ல் தீர்ப்பு வந்தது, கட்டடம் தப்பித்தது. நாமெல்லாம் கொண்டாடினோம். ஆனால் தப்பித்த கட்டடத்துக்குள் யாரும் குடிவரவில்லை. பல ஆண்டுகள் அதன் சுவரில் ஆலஞ்செடி வேர்விட்டு இறங்கியதை அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். வழக்கில் வென்றும் ஒரு கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போக முடியும். தினமும் ஒருவர் கதவைத் திறந்து, பெருக்கி, விளக்குப் போட்டு, ஒழுகுகிற இடத்தில் ஆளைக் கூப்பிட்டு அடைத்தால்தான் கட்டடம் நிற்கும். அதே வட்டாரத்தில், பழைய மெட்ராஸ் கிளப் இருந்து பிற்பாடு இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை இயங்கிய வளாகத்தில், எக்ஸ்பிரஸ் அவென்யூ என்ற மால் எழுந்து வாரக் கடைசியில் கூட்டம் அலைமோதுகிறது. பழைய கிளப் கட்டடம் இல்லை.

அதே அண்ணா சாலையில் இருந்த ஸ்பென்சர் கடையையும் சொல்லாமல் விட முடியாது. 1895-ல் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1983-ல் தீயில் போனது. பிறகு அதே இடத்தில் வந்த ஸ்பென்சர் பிளாசா நம் எல்லாருக்கும் தெரிந்த கட்டடம். பெயர் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

இப்போது கடல் தாண்டிக் கொழும்புக்குப் போவோம். கோட்டைப் பகுதியில் ஒல்லாந்தர் காலத்து ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. 1681-லேயே அது இருந்ததற்குச் சான்று உண்டு. கோட்டையில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது என்பார்கள். கப்பலில் நோயோடு வந்திறங்கிய ஒல்லாந்த மாலுமிகளுக்காகக் கட்டியது. பருத்த சுவர், நீண்ட தாழ்வாரம், நடுவே முற்றங்கள், ஓட்டுக்கூரை. பின்னாளில் அது போலீஸ் நிலையமாக இருந்தது. 1996-ல் மத்திய வங்கியைத் தகர்த்த குண்டுவெடிப்பில் இதுவும் சேதப்பட்டது. போர் முடிந்த பிறகு சீர்செய்து, 2011 டிசம்பரில் உணவகங்களும் கடைகளும் உள்ள வளாகமாகத் திறந்தார்கள். நான் அங்கே பார்த்ததில் மனதுக்குப் பிடித்தது, கடைகள் கட்டடத்துக்கு அடங்கி நடந்துகொண்ட விதம். தாழ்வாரம் தாழ்வாரமாகவே இருக்கிறது. முற்றத்தை மூடிக் கண்ணாடிக் கூரை போடவில்லை. மழை பெய்தால் முற்றத்தில் மழை விழுகிறது. நோயாளிக்குக் காற்று வேண்டும் என்று கட்டிய முற்றத்தில் இன்று சாப்பிட வந்தவர்கள் காற்று வாங்குகிறார்கள். பழைய பயனுக்கும் புதிய பயனுக்கும் நடுவில் இப்படி ஒரு உறவு அமைந்துவிட்டால் கட்டடத்துக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் இன்னும் நெருங்கிய உதாரணம் உண்டு. 1919-ல் நாடக அரங்கமாகத் திறந்து, பிறகு சினிமாக் கொட்டகையாகி, 2000-ல் புத்தகக் கடையாக மாறிய எல் அத்தேனியோ. நம்முடைய ஓபரா ஹவுஸ் போன பாதையேதான்: நாடகம், சினிமா, கடை. அங்கே மேடையில் காபிக்கடை. மேடையின் திரைச்சீலை அப்படியே இருக்கிறது. பக்கவாட்டு மாடங்களில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். மேற்கூரை ஓவியம் மறையவில்லை. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். வந்தவர்களில் பலர் புத்தகமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கட்டடத்தின் கதையே அந்தக் கடைக்கு வியாபாரம். இதை நம் ஊர் வணிகர்கள் கவனிக்க வேண்டும்.

புத்தகக் கடை என்றதும் நம் எம்.ஜி. ரோட்டு ஹிக்கின்பாதம்ஸ் நினைவுக்கு வருகிறது. 1905-ல் கட்டியது. அது எதற்கும் மாற வேண்டிய தேவை வரவில்லை. கட்டிய காரியத்துக்கே பயன்பட்டது. அப்படி அமைவது கொடுப்பினை.

ஒரு பழைய கட்டடம் கடையாகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள் என்பேன். முதலில் அடி விழுவது மேற்கூரைக்குத்தான். ஏசி குழாயும் ஒயரும் மறைய வேண்டும் என்று பொய்க்கூரை போட்டுவிடுவார்கள். அதற்கு மேலே தேக்கு உத்திரமும், அதன்மேல் குறுக்கே நிறுத்தி வைத்து அடுக்கிய செங்கல்லும், சுண்ணாம்பும் ஜல்லியும் போட்டு நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் மூச்சடங்கிக் கிடக்கும். ஒழுகினாலும் தெரியாது, கரையான் பிடித்தாலும் தெரியாது. தெரியவரும்போது உத்திரம் உளுத்துப் போயிருக்கும்.

அடுத்தது சுவர். அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சுவர். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்து அரைத்த சாந்தை நம் கொத்தனார்கள் பூசினார்கள். அந்தச் சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பி, உப்புப் பூத்து, பாளம் பாளமாக விழும். "பழைய கட்டடம், அப்படித்தான்" என்று பழி கட்டடத்தின் மேல் விழும். பழைய கட்டடத்தில் செய்கிற எந்த மாற்றமும் நாளைக்குக் கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் வல்லுநர்களின் அடிப்படை விதி. தட்டி வைக்கலாம், அலமாரி நிறுத்தலாம், திருகாணி போட்ட மாடிப்படி வைக்கலாம். சுவரை உடைக்கக் கூடாது. கடை இன்று வரும், பத்து ஆண்டில் போகும். கட்டடம் அதற்குப் பிறகும் இருக்க வேண்டும்.

தமிழர்களாகிய நமக்கு இந்தத் தண்டுப் பகுதியின் மேல் தனியாக ஓர் அக்கறை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1809-ல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டாளத்தை இங்கே மாற்றியபோது, பட்டாளத்தின் பின்னாலேயே தமிழர்கள் வந்தார்கள். கொத்தனார், தச்சர், வண்டிக்காரர், சமையல்காரர், துணி வியாபாரி, காண்ட்ராக்டர். கப்பன் பூங்கா ஓரத்தில் இன்று உயர்நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரியை 1868-ல் கட்டி முடித்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். வரைபடம் கர்னல் சாங்கியுடையது. செங்கல்லை அடுக்கியது நம் ஆட்கள். அதையே 1980களில் இடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. குடிமக்கள் நீதிமன்றத்துக்குப் போய் நிறுத்தினார்கள். இன்றைக்கு அந்தச் சிவப்பு மாளிகை இல்லாத பெங்களூரை நம்மால் கற்பனை செய்ய முடிகிறதா? இடித்துவிட்டிருந்தால், பிறகு வந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

முதலியாரின் பெயர் தெரிகிறது, ஏனென்றால் அவர் பெயரில் பள்ளியும் அறக்கட்டளையும் இருக்கின்றன. கொத்தனார் பெயர் தெரியாது. ஓபரா ஹவுஸில் திரை இழுத்தவர், சீட்டுக் கிழித்தவர், புரொஜெக்டர் ஓட்டியவர் பெயர்களும் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்லும் பலகை என்று நான் கேட்பது, இன்ன ஆண்டில் கட்டியது, இன்ன பாணி என்று இரண்டு வரி எழுதிய பித்தளைத் தகட்டை மட்டும் இல்லை. இங்கே யார் வேலை செய்தார்கள், யாருக்கு உள்ளே இடம் இருந்தது, யார் வெளியே நின்றார்கள், எப்போது கதவு எல்லாருக்கும் திறந்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும். தண்டில் புழங்கிய மொழிகள் அவை. 33,000 சதுர அடியில் ஒரு சுவர் இதற்குப் போதும். எந்தக் கடைக்கும் அது நஷ்டமாகாது.

மாநகராட்சி இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கட்டடத்தில் வணிக உரிமம் கேட்டால், மேற்கூரையையும் முகப்பையும் மறைக்கக் கூடாது, கதைச் சுவர் ஒன்று வைக்க வேண்டும், ஆண்டுக்குச் சில நாட்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று கேட்கட்டும். பதிலுக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்பது நாமாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் அல்சூர், சிவாஜி நகர், பிரேசர் டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டிகளில் ரெசிடென்சி ரோடு, சவுத் பரேடு, பிரிகேட் ரோடு படங்கள் இருக்கும். கல்யாணப் படத்தின் பின்னணியில் ஒரு பழைய முகப்பு தெரியும். மில் அடையாளச் சீட்டு இருக்கும். கொட்டகையில் வேலை பார்த்த தாத்தா இன்னும் நினைவோடு இருப்பார். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்புறத்தில் பெயரும் இடமும் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை ஊறிவிடும். அவற்றை நகல் எடுத்துத் தொகுக்க இளைஞர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். வாசலுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். போகும்போது உங்கள் பெயரையும், வீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.